ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சாவி கிடையாது

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. எழுபத்தொரு வயதுவரை எல்லாக் கடிதங்களையும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். இன்று அதை எழுத மாட்டேன். எனக்குக் கோபமாக இருக்கிறது. முப்பத்து மூன்று ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஒரு மாணவனைக்கூடக் கடிந்து பேசாதவன், ஆசிரியர் அறையில் ஆறிப்போன டீயைத் தந்தாலும் சொல்லாமல் குடித்தவன், எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்கே தெரியாது. நீ குடும்பக் குழுவில் பேசி அனுப்பியதை நான்கு முறை கேட்டேன். “அப்பா, ஞாயித்துக்கெழம வாரேன். வண்டிய எடுத்துக்கிறேன். நீங்க எப்பிடியும் சும்மாதான போட்டு வச்சிருக்கீங்க. சாவிய அம்மாட்டக் குடுத்து வைங்க.” அவ்வளவுதான். ‘எடுத்துக்கொள்ளட்டுமா’ என்று நீ கேட்கவில்லை, ‘எடுத்துக்கொள்கிறேன்’ என்று அறிவித்தாய். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வேலைக்கு உன்னை மாற்றியிருக்கிறார்கள், குடும்பத்தோடு அருப்புக்கோட்டைக்கே வந்துவிடப் போகிறாய், பாப்பாவை விருதுநகர்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாய் என்பதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பின்சீட்டில் தினமும் காலையிலும் மாலையிலும் உட்காரப் போவது நான்கு வயதுக் குழந்தை. அதனால் சொல்கிறேன். சாவி தர மாட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை தர மாட்டேன்.

இதைத் தனியாக உனக்கு அனுப்பாமல் நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தனியாக அனுப்பினால் மூன்றாவது வரியில் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவாய். இன்னொரு காரணமும் இருக்கிறது. உன்னைப் போலவே பழைய கார் வைத்துக்கொண்டு, உன்னைப் போலவே அதைத் திட்டிக்கொண்டு, என்னைப் போன்ற அப்பனையும் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பக்கம் நூறு பேராவது இருப்பார்கள். அவர்கள் வீட்டிலாவது இது நடக்காமல் இருக்கட்டும்.

ஆவணி மாதம் நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். நீ அதை எல்லோரிடமும் வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறாய். உன் மாமா பேத்திக்குக் காதுகுத்து. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயில். கறிச்சோறு சாப்பிட்டு உச்சி வெயிலில் திரும்பினோம். நீ ஓட்டினாய், நான் பக்கத்தில். பின்னால் உன் அம்மா, உன் மனைவி, பாப்பா. ஏ.சி. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திருச்சுழியைத் தாண்டி ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும், இரண்டு பக்கமும் கருவேலம், ஆள் நடமாட்டம் இல்லாத இடம். ஊசி நடுக்கோட்டைத் தாண்டி ஏறுவதை நான்தான் முதலில் பார்த்தேன்.

“தம்பி, ஊசி ஏறுது.”

“எந்த ஊசி?”

“சூடு காட்டுற ஊசி.”

“அதுவாப்பா? ஒங்க காரு மாதிரியே அதுவும் பழசு. அப்பிடித்தான் ஆடும். சும்மா வாங்க.”

நான் சும்மா வந்தேன். பின்னாலிருந்து உன் அம்மா கேட்டாள், “ஏய்யா, வெறுஞ்சட்டி அடுப்புல காயுற வாடை வருதே?” வெளியே யாரோ சருகை எரிக்கிறார்கள் என்றாய். அடுத்த வளைவில் இன்ஜின் மேலிருக்கும் முன்மூடிக்கு அடியிலிருந்து புகை போல ஆவி கிளம்பியது. ஓரத்தில் நிறுத்தினாய். உன் மாமாவின் வேனும் பின்னால் வந்து நின்றது. அதிலிருந்து பத்துப் பேர் இறங்கினார்கள். உன் மாமாவுக்கு வாய் சும்மா இருக்குமா? “என்ன மாப்ள, வாத்தியார் காருல இட்லி வேகுதா? சட்டினி எங்க?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். பத்துப் பேர் சிரிக்கும்போது கைகட்டி நிற்க உன்னால் முடியாது. எதையாவது செய்து காட்ட வேண்டும். துண்டைச் சுருட்டி ரேடியேட்டர் மூடியின் மேல் வைத்தாய். “தண்ணி பாட்டில எடும்மா” என்றாய். உன் அம்மா பாட்டிலோடு உன் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் “வேண்டாம் தம்பி, ஆறட்டும்” என்றேன். சத்தியமாகச் சொன்னேன். ஆனால் அந்தச் சொல் என் பல்லைத் தாண்டி வெளியே போகவில்லை.

நீ மூடியைத் திருகினாய். கொதிநீர் ஆளுயரத்துக்குப் பாய்ந்தது. நீ துள்ளி விலகிக்கொண்டாய். உன் அம்மாவுக்கு வலது கை முழங்கை வரையிலும் கழுத்தில் ஓரிடத்திலும் வெந்துவிட்டது. வேனிலிருந்த தண்ணீர்க் கேனை இறக்கி அந்தக் கையில் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தவள் உன் மனைவி. அன்று அங்கே புத்தியோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். நீ என்ன செய்தாய்? ஆத்திரத்தில் வேனிலிருந்த குடத்தை எடுத்துப்போய், ரோட்டோர அடிபம்பில் அடித்துக்கொண்டுவந்து கொதித்துக் கிடந்த இன்ஜின் மேலேயே ஊற்றினாய். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டதே, அது இன்ஜினின் மேல்பாகம் விரிசல் விட்ட சத்தம். அதோடு முடிந்ததா? ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்ன ஆச்சு என்று கேட்டபோது, “பழைய வண்டிங்க, வெடிச்சிருச்சு” என்றாய். இன்றுவரை எல்லோரிடமும் அதையே சொல்கிறாய். எது வெடித்தது? கார் தானாகத் தன் மூடியைத் திருகித் திறந்துகொண்டதா? ஒரு வண்டி பத்து நிமிடம் ஊசியை ஆட்டி, வாடை காட்டி, ஆவி விட்டு, தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் சொல்லிப் பார்த்தது. கேட்காதவர்கள் நீயும் நானும்.

ஊசி ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது சொல்கிறேன்; அன்று சொல்லியிருக்க வேண்டியது இது. முதலில் ஏ.சி.யை நிறுத்து. கண்ணாடிகளை இறக்கு. ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி அதன் விசிறியை வேகமாக வை. நம் ஊரில் அந்தக் குமிழை யாரும் தொட்டதே இருக்காது. இந்த வெயிலில் ஹீட்டரா என்று சிரிப்பார்கள். ஹீட்டர் என்பது உள்ளே இருக்கும் இன்னொரு சின்ன ரேடியேட்டர். இன்ஜினின் சூட்டில் கொஞ்சத்தை உன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வியர்த்துக் கொட்டும்; கொட்டட்டும். அதற்கும் ஊசி இறங்கவில்லை என்றால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிடு. வீடு இன்னும் பத்துக் கிலோமீட்டர்தானே என்று கணக்குப் போடாதே. அந்தப் பத்துக் கிலோமீட்டரில்தான் இன்ஜின்கள் சாகின்றன. ஆவி வந்துகொண்டிருந்தால் முன்மூடியைக்கூடத் தூக்காதே. பிறகு காத்திரு. முக்கால் மணி நேரம். திருச்சுழி ரோட்டில் அது ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வரும் நேரம், அவ்வளவுதான். ரேடியேட்டரின் மேல் குழாயை மெதுவாகத் தொட்டுப் பார். கை வைக்க முடியவில்லை என்றாலும், அழுத்தினால் கல் போல விறைத்திருந்தாலும் இன்னும் காத்திரு. குழாய் ஆறித் தளர்ந்த பிறகு, தடித்த துணியை மடித்து மூடியின் மேல் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் சுற்று மட்டும் திருகு. ‘உஸ்’ என்று வந்தால் அது அடங்கும்வரை அப்படியே பிடித்திரு. இதையெல்லாம் செய்யும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது; தண்ணீர் எடுத்துத் தர யாரையும் கூப்பிடக் கூடாது.

அந்த மூடி ஊறுகாய் ஜாடி மூடி இல்லை. அதற்குள் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் இருக்கின்றன. தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருப்பதுதான் அதன் வேலை. அழுத்தத்தில் இருக்கும் நீர் நூறு டிகிரியில் கொதிக்காது. அதற்கு மேலும் தாங்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடுகிறது. அடுத்த நொடி அத்தனையும் கொதித்து ஆவியாகப் பாய்கிறது. பதினோராம் வகுப்பில் இந்தப் பாடத்தை உனக்கு நானே நடத்தியிருக்கிறேன். நீ நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாய். உன் அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவள். ஒருநாளாவது ஆவி அடங்காத குக்கரை அவள் திறந்து பார்த்திருக்கிறாயா?

இனி என் முறை. உன்னைத் திட்டுகிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று மூன்று நாள் யோசித்தேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. இல்லாவிட்டாலும் திட்டத்தான் செய்வேன். ஆனால் என்னையும் சேர்த்துத் திட்ட வேண்டும்.

அந்த ரேடியேட்டரைக் கொன்றவன் நான். நம் வீட்டில் இரண்டு தண்ணீர் என்பது உனக்குத் தெரியும். குடிக்க, சமைக்க நல்ல தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் போர்த் தண்ணீர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். கார் வாங்கிய முதல் மாதம், தண்ணீர் குறைந்திருப்பதைப் பார்த்து நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். என் கை வரவில்லை. உனக்கு இதைச் சொன்னதில்லை. நான் பிறந்த ஊரில் எங்கள் தெருக்காரர்கள் ஊருணியில் இறங்கக் கூடாது. குடத்தைக் கரையில் வைத்துவிட்டு நிற்போம். யாராவது மனம் வைத்து மொண்டு ஊற்றினால் உண்டு. “சாமி, கொஞ்சம் தண்ணி” என்று கேட்க வேண்டும். சத்தமாகக் கேட்டால் கிடைக்காது. பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் அப்படி நின்று பழகிய குரல்தான் இது. பட்டம் வாங்கிய பிறகும் உயரவே இல்லை. மனிதனுக்கே கேட்டு நின்று வாங்கிய தண்ணீரை இரும்புக்கு ஊற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. போர்த் தண்ணீரை ஊற்றினேன். பதினேழு ஆண்டுகள் ஊற்றினேன்.

அவற்றில் முதல் நான்கு ஆண்டுகள், காலையில் வகுப்பில் கடின நீர் பாடம் நடத்தினேன். கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூட்டில் படிந்து கொதிகலன் குழாய்களை அடைக்கும் என்று கரும்பலகையில் சமன்பாடு எழுதிப் போட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே தண்ணீரைக் காருக்கு ஊற்றினேன். போன மாதம் ரேடியேட்டர் கடைக்காரர் அதைப் பிரித்துக் காட்டியபோது குழாய்களுக்குள் வெள்ளை வெள்ளையாய்ப் பாளம் பாளமாக இருந்தது. ஒரு துண்டை உடைத்து என் கையில் கொடுத்தார். “சார், வெத்தல வச்சிருக்கீங்களா? சுண்ணாம்பு தாராளமா இருக்கு,” என்றார். நான் சிரிக்கவில்லை. கோபம் எதில் என்றால், நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா என்று இரண்டுக்கும் நடுவில் தவித்தவனுக்கு மூன்றாவதாக ஒரு தண்ணீர் இருப்பது நினைவுக்கே வரவில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் தினமும் கையில் பிடித்திருந்த வாலைவடி நீர், டிஸ்டில்ட் வாட்டர்! பேட்டரிக் கடையில் கேனில் விற்கிறது. நல்ல தண்ணீரும் வேண்டாம், போர்த் தண்ணீரும் வேண்டாம். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் நீர் கலந்தே வருவதாக இருந்தால் அப்படியே ஊற்று. கலக்க வேண்டியதாக இருந்தால் அந்த வடிநீரில் மட்டும் கல. ஒரு நிறத்தோடு இன்னொரு நிறத்தைச் சேர்க்காதே. அதன் டப்பாவில் எழுதியிருக்கும் காலம் முடிந்ததும் முழுவதும் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்று. வெட்கப்படுகிறவனுக்கு எளிய விடைகூடக் கண்ணில் படாது, தம்பி. என் விஷயத்தில் அதுதான் நடந்தது.

மாரிச்சாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மல்லாங்கிணறு ரோட்டில் ஷெட் போட்டிருக்கும் நம் மெக்கானிக். ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள் இன்ஜினிலிருந்து ஒரு பித்தளைச் சாமானைக் கழற்றித் தட்டில் போட்டார். தெர்மோஸ்டாட் வால்வு. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும், சூடானதும் திறந்துகொள்ளும். “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்? நீங்க என்ன காஷ்மீர்லயா ஓட்டுறீங்க? கழட்டிட்டா தண்ணி ஜிவ்வுனு ஓடும்,” என்றார். அது தவறு என்று எனக்குத் தெரியும். வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றிவரும், ஏ.சி. போட்டு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு வெயிலில் போகும்போது சூடு ஏறும். இத்தனையும் தெரிந்த நான் என்ன சொன்னேன்? “சரி மாரிச்சாமி, நீங்க பாத்துச் செய்யுங்க.” என் வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். டாக்டரிடம், தலைமையாசிரியரிடம், வீடு கட்டிய கொத்தனாரிடம், எல்லோரிடமும். பாத்துச் செய்யுங்க.

போன மாதம் இன்ஜின் மேல்பாகத்தை மாற்றிப் பூட்டும்போது அந்த ஷெட்டில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வால்வு போட்டே ஆக வேண்டும் என்றேன். “சும்மா இருங்க சார், நான் பாத்துக்கிறேன்.” இல்லை, போடுங்கள் என்றேன். “போட்டா மறுபடி சூடேறுனா என்னையச் சொல்லக் கூடாது.” போடுங்கள் என்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாருக்கு இன்னைக்கு என்னமோ ஆயிருச்சு,” என்றார். மாரிச்சாமி கெட்டவர் இல்லை. இருபது வருடமாகக் கேள்வியே கேட்காத வாடிக்கையாளர்கள் சேர்ந்து அவரை அப்படி ஆக்கிவிட்டோம். நீயும் கேள். கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல். புதிய சாமானின் அட்டைப்பெட்டியைக் காட்டச் சொல். ‘எதற்கு’ என்று ஒரு தடவை கேட்பதால் யாருடைய கௌரவமும் குறைந்துபோகாது. புதிய வால்வைக்கூட நான் நம்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, நூலில் கட்டி, அடுப்பில் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். அதன் மேல் அச்சடித்திருந்த டிகிரியில் சரியாக வாய் திறந்தது. உன் அம்மா வந்து பார்த்தாள். “பால் சட்டியிலயா? ஏங்க, ஒங்களுக்குப் பால் சட்டிதான் கெடச்சுதா?” என்றாள்.

இப்போது மிகவும் கஷ்டமானதை எழுத வேண்டும். என் கார் நோட்டு உனக்குத் தெரியும். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை. நீயும் உன் மாமாவும் அதை வைத்து எத்தனை முறை கேலி செய்திருப்பீர்கள். வைகாசி மாதப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: ‘ரேடியேட்டர் மூடி. ரப்பர் வளையத்தில் வெடிப்பு. ஸ்பிரிங் தளர்வு. மாற்ற வேண்டும்.’ சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. மூடி பழுதானால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடும். ஆவணி மாதம் நாம் கிளம்பும்போது ரேடியேட்டரில் பாதித் தண்ணீர்கூட இருந்திருக்காது. எனக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். மாற்றவும் இல்லை, உன்னிடம் சொல்லவும் இல்லை. எழுதியதும் வேலை முடிந்தது போல ஒரு திருப்தி வந்துவிட்டது. அது ஒரு நோய், தம்பி. நன்றாகப் படித்தவர்களுக்கு வருகிற நோய்.

அப்படியானால் எல்லாம் அப்பாவின் தப்பு என்று நீ துள்ளிவிடாதே. என் தப்பு எனக்கு. உன்னுடையது அப்படியே உன்னிடம் இருக்கிறது. நீ கல்லூரியில் படிக்கும்போது விடுமுறைக்கு வந்து காரை எடுப்பாய். பாட்டுப் பெட்டியின் பியூஸ் அடிக்கடி போகிறது என்று அந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்தாயே, நினைவிருக்கிறதா? நீ ஊருக்குப் போன பிறகு அதைப் பார்த்தேன். பின்னால் ஒயரின் உறை உருகி ஒட்டியிருந்தது. இன்னொரு நாள் போயிருந்தால் கார் தீப்பிடித்திருக்கும். நான் ஒயரை மாற்றி, சரியான பியூஸைப் போட்டு, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளை வருத்தப்படுவான் என்று நினைத்தேன். அன்று நீ வருத்தப்பட்டிருக்க வேண்டும். பியூஸ் போனால் அது பியூஸின் குற்றம் இல்லை, வண்டி கொடுக்கும் புகார். ஏன் போனது என்று தேடு. அதே அளவு பியூஸை மட்டுமே போடு.

மற்றவையும் இருக்கின்றன. முள்ளும் சரளையுமான நம் ரோட்டில் பஞ்சரைப் பார்க்கிறவர்கள் டயரின் வயதைப் பார்ப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் சொல்லும். பட்டை தேயாமலே ரப்பர் கிழடாகிவிடும். இப்போது இருக்கும் நான்கில் இரண்டுக்கு வயதாகிவிட்டது. மாற்றிவிட்டுத்தான் பாப்பாவை ஏற்ற வேண்டும். ஸ்டெப்னியிலும் காற்றுப் பார்க்க வேண்டும். தேவைப்படுகிற அன்று பார்த்தால் அது தட்டையாகத்தான் இருக்கும். பிரேக் மிதி பஞ்சு போலக் கீழே போனால் அன்று வண்டியை எடுக்காதே, பாப்பாவைப் பஸ்ஸில் கூட்டிப் போ. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். பார்க்க நன்றாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் தலையை விடாதே. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு பழைய அட்டையை விரித்து வை. மறுநாள் அதில் விழுந்திருக்கும் கறை, ஒழுகுவது ஆயிலா தண்ணீரா என்று சொல்லிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பார். ஆவணியில் நம் காரில் இருந்தது போல மோர் நிறத்தில் குழம்பியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று சந்தேகப்படு, ஓட்டாதே. வாரத்துக்குப் பத்து நிமிடம், காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது. பத்தே நிமிடம். நீ போனைப் பார்க்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு. நான் மிகைப்படுத்துகிறேனோ என்னவோ. இல்லை, மிகைப்படுத்தவில்லை.

இதுவரை எழுதி முடித்தது இன்று மதியம். உன் அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வைகாசிப் பக்கத்தை அவளிடம் நேற்றே காட்டி, என்னை மன்னித்துவிடு என்று கேட்டிருந்தேன். அவள் அதைப் படித்துவிட்டு நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள். இன்று நான் தாளைத் திருப்புவதைப் பார்த்துவிட்டு, “என்ன எழுதுறீங்க?” என்றாள். தம்பிக்குக் கடிதம், சாவி கிடையாது என்று எழுதுகிறேன் என்றேன்.

“இதையும் எழுதித்தான் முடிக்கப் போறீங்களா?”

நான் அடுத்த தாளை எடுத்தேன்.

“நோட்டுல எழுதுனீங்க, என் கை வெந்துச்சு. இப்பத் தாள்ல எழுதுறீங்க. இனி யாரு வேகணும்? வாயத் தொறந்து சொல்லுங்க.”

பேனாவை மூடிவிட்டு உனக்குப் போன் போட்டேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். “என்னப்பா, வண்டி ரெடியா?” என்றாய்.

“ரெடி. சாவி தர மாட்டேன்.”

“என்னது? கேக்கல.”

“சாவி தர மாட்டேன்னேன்.”

“யாரு என்ன சொன்னா ஒங்கள்ட்ட? அம்மாட்டக் குடுங்க.”

போனை உன் அம்மா பக்கம் நீட்டினேன். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், உனக்குக் கேட்கும்படியாகவே, “நான் இல்லன்னு சொல்லுங்க” என்றாள்.

“அம்மா இல்லையாம்” என்றேன். அந்த இடத்தில் வழக்கமாக நான்தான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். இன்று சமாளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பழைய சட்டையோடு வர வேண்டும் என்றேன். அந்த ரேடியேட்டர் மூடியை ஆறிய இன்ஜினில் நீயே திறந்து, தண்ணீர் அளவு பார்த்து, நீயே மூட வேண்டும். டயர் மாற்ற, பிரேக் பார்க்க மாரிச்சாமி ஷெட்டில் முழு நாளும் என்னோடு நிற்க வேண்டும். பிறகு ஒரு மாதம், நீ ஓட்டுவாய், நான் பக்கத்தில் இருப்பேன், பின்சீட்டில் யாரும் கிடையாது. ஒரு மாதம் கழித்துச் சாவியைப் பற்றிப் பேசலாம். வெந்தது உன் அம்மாவின் கை, வெடித்தது கார் இல்லை, நாம் இருவரும்தான் அதைச் செய்தோம், அதை உன் மாமா முன்னால் நீயும் சொல்ல வேண்டும், நானும் சொல்வேன் என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

“ஏன்ப்பா இப்பிடிக் கத்துறீங்க?” என்று கேட்டாய்.

எழுபத்தொரு வயதில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்டார். எனக்கு வழக்கம்போல மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் முறத்தை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னுங் கொஞ்சம்” என்றாள்.

அப்பா